ஈ-யா, போ-வா? டேனிஷ் முன்னிடைச்சொற்களில் தலை சுற்றுகிறது

புதுக்குளிர்:
எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வாரத்தில் இரண்டு மாலை மொழிப்பள்ளிக்குப் போகிறேன். டேனிஷ் உச்சரிப்பு தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்தி அனுப்பினார்கள். அதுகூடப் போகப் போக வந்துவிடும் போலிருக்கிறது. என்னை அழவைப்பவை ஒன்றிரண்டு எழுத்தில் முடிகிற சின்னச் சொற்கள்தான், பெயருக்கு முன்னால் வந்து நிற்கிற முன்னிடைச்சொற்கள். ஈ, போ, ஓம், டில், ஹோஸ், வே.

ஈ என்றால் உள்ளே, போ என்றால் மேலே என்று முதல் வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். பூனை பெட்டிக்குள் இருந்தால் ஈ, மேசை மேல் இருந்தால் போ. சரி, இவ்வளவுதானா என்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமே 'போ ஹொஸ்பிடாலெத்' என்றார்கள். நோயாளி என்ன ஆஸ்பத்திரிக் கூரை மேலா படுத்திருக்கிறார்? அப்புறம் 'போ ஆர்பைட', வேலையில். 'போ பிப்லியோடேகெத்', நூலகத்தில். ஆனால் வங்கிக்குள் 'ஈ பாங்கன்', சினிமாவுக்கு 'ஈ பியோக்ராஃபென்'. ஆங்கிலத்தை வைத்து ஊகித்தால் பாதிதான் சரியாக வருகிறது. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக நெட்டுரு போட வேண்டியதுதானா?

சைக்கிள்காரன்:
கோபன்ஹேகனில் ஆறு வருடமாக உணவகச் சமையலறையில் இருக்கிறேன். என் அனுபவத்தைக் கேட்டால், கவலையே படாதீர்கள். ஈ-க்குப் பதில் போ போட்டாலும் போ-வுக்குப் பதில் ஈ போட்டாலும் டேனிஷ்காரர்களுக்கு விளங்கிவிடும். நமக்கு ஈ என்றால் மொய்க்கிறது, போ என்றால் கிளம்பச் சொல்வது. அந்த அளவுக்கு மட்டும் மரியாதை கொடுத்தால் போதும். சொற்களைச் சேருங்கள், வினைகளைச் சேருங்கள். இந்தத் தூசுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஹெர்னிங்_அக்கா:
தம்பி சைக்கிள்காரன் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். விளங்குவது வேறு, பிழையாகப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது வேறு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1987-இல் இங்கே வந்தவள். அப்போது பழகிய பிழைகளில் இரண்டு மூன்று இன்னும் என் வாயை விட்டுப் போகவில்லை, பேரப்பிள்ளைகள் திருத்துகிறார்கள்.

புதுக்குளிர் தம்பி, உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: அரை விதி இருக்கிறது, மிச்சம் பாடம்தான். சுவரும் கூரையும் உள்ள இடம், நாட்டின் பெயர், நகரத்தின் பெயர் என்றால் முதலில் ஈ என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஈ டான்மார்க், ஈ ஆர்ஹுஸ், ஈ ஹெர்னிங், மளிகைக் கடை என்றால் ஈ நெட்டோ. ஒரு தொழில் அல்லது சேவை நடக்கிற இடம் என்று பார்க்கும்போது போ வரும். ஆஸ்பத்திரி, நூலகம், கந்தோர், தொழிற்சாலை, பல்கலைக்கழகம், ரயில் நிலையம், விடுதி, அருங்காட்சியகம் எல்லாம் போ. அங்கே கட்டடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, நடக்கிற காரியத்தைத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் வங்கியிலும் காரியம்தானே நடக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வங்கிக்கு ஈ, தேவாலயத்துக்கு ஈ, நாடகக் கொட்டகைக்கு ஈ. அவ்வளவுதான்.

விடுமுறையில் இருப்பது போ. வாகனத்தில் ஆங்கிலத்தை மறந்துவிடுங்கள்: பஸ்ஸிலும் ரயிலிலும் உட்கார்ந்திருந்தால் ஈ, சைக்கிள் மட்டும் போ. சைக்கிளுக்குள் யாரும் உட்கார முடியாதே.

புதுக்குளிர்:
நன்றி அக்கா, பஸ் கணக்கு உடனே மண்டையில் ஏறிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம்? எங்கள் ஆசிரியர் ஒரு நாள் 'ஈ ஸ்கோல' என்றார், இன்னொரு நாள் 'போ ஸ்கோலன்' என்றார். நானும் இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு இரண்டையும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாய்வி:
அவர் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பிள்ளை படிக்கப் போவது 'ஈ ஸ்கோல'. ஆசிரியரோ துப்புரவுப் பணியாளரோ அங்கே வேலை செய்தால் 'போ ஸ்கோலன்', அதாவது அந்தப் பள்ளி என்ற நிறுவனத்தில். இன்னொரு வேடிக்கை கவனியுங்கள். மழலையர் பள்ளிக்கு ஈ, பள்ளிக்கு ஈ. பெரியவர்கள் போகிற மொழிப்பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போ. ஆகவே நீங்கள் போவது 'போ ஸ்ப்ரோஸ்கோல'.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. தமிழர்கள் டேனிஷ் படிக்கும்போது ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தி வைப்பதுதான் பெரிய தொல்லை. சில இடங்களில் தமிழிலிருந்து நேராகத் தாவினால் சரியாகப் போய் விழலாம். 'அவன் மேல் கோபம்' என்கிறோம். டேனிஷில் 'வ்ரெத் போ', அதே மேல்தான். 'கடவுள் மேல் நம்பிக்கை', அங்கே 'ட்ரோ போ'. 'அவரோடு கல்யாணம்', அங்கே 'கிஃப்ட் மெத்'. ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் அந்த 'to'-வை நினைத்து இங்கே டில் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். (கிஃப்ட் என்ற சொல்லுக்கு டேனிஷில் நஞ்சு என்றும் பொருள். அது நம் விவாதத்துக்கு வெளியே.) 'தலையில் வலி', அங்கே 'ஓன்ட் ஈ ஹோதத்'. 'இசையில் ஆர்வம்', அங்கேயும் ஈ.

நம் நான்காம் வேற்றுமை இருக்கிறதே, அந்தக் -கு, அது டில்-லோடு சொந்தக்காரனைப் போலப் பழகும். மதியச் சாப்பாட்டுக்கு என்ன? 'டில் ஃப்ரோகோஸ்ட்'. கதவுக்குச் சாவி? கதவின் முன் டில். அம்மாவுக்கு போன் செய்தேன்? 'ரிங்க டில்'. ஆங்கிலத்தில் யோசித்தால் அந்த டில் வரவே வராது.

சைக்கிள்காரன்:
'அம்மாவுக்கு போன்' என்பதை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். ரிங்க டில் மீன் மோர். என் அம்மா என்பதற்கு 'மீன் மோர்'. முதல் தடவை கேட்டபோது வயிற்றைப் பிரட்டியது.

ஹெர்னிங்_அக்கா:
நாற்பது வருடமாக எங்கள் வீடுகளில் ஓடுகிற பகிடி அது. இன்னும் பழசாகவில்லை.

சொல்லாய்வி சொல்வது நல்ல வழி, ஆனால் முழுக்க நம்ப முடியாது. 'பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தமிழில் யோசித்தால் ஃபோர் போடத் தோன்றும். டேனிஷில் 'வென்ட போ'. பஸ்ஸின் மேல் காத்திருக்கிறார்கள். சமைப்பதில் கெட்டிக்காரி என்றால் ஈ தோன்றும், ஆனால் 'கோ டில்'. அதோடு பெரிய சிக்கல், ஈ-க்கும் போ-வுக்கும் நம்மிடம் ஒரே -இல் தான். வங்கியில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், தீவில், சைக்கிளில். தமிழ் அங்கே உதவாது.

சொல்லாய்வி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழிலிருந்து எடுக்க இன்னொரு பழக்கம் இருக்கிறது. 'வீட்டில்' என்பதை நாம் வீடு தனி, இல் தனி என்று யோசித்துச் சொல்வதில்லை, ஒட்டியேதான் வாயில் வருகிறது. டேனிஷிலும் அப்படியே ஒட்டிப் பழகுங்கள், ஒட்டு முன்னால் வருகிறது, அவ்வளவே வித்தியாசம். குறிப்பேட்டில் 'ஹொஸ்பிடால்: ஆஸ்பத்திரி' என்று எழுதாதீர்கள். 'போ ஹொஸ்பிடாலெத்: ஆஸ்பத்திரியில்' என்று எழுதுங்கள். வினையையும் அப்படியே, வென்ட என்று தனியாக எழுதாமல் 'வென்ட போ' என்று. டென் டான்ஸ்க ஓர்போ என்ற அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த வினையைத் தேடினாலும் அதோடு எந்தச் சின்னச்சொல் சேரும் என்று அங்கே காட்டும். பெரிய அகராதி என்று பயப்பட வேண்டாம்.

சைக்கிள்காரன்:
சரி, ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். தூசு என்று மேலே எழுதினேனே, அந்தத் தூசு ஒரு தடவை என் கண்ணிலேயே விழுந்திருக்கிறது, சோப்பு நுரையோடு.

வந்த முதல் வருடம். குடியிருப்பின் மாடிப்படியில் காலையில் ஒரு கையெழுத்துத் தாள் ஒட்டியிருந்தது. தண்ணீரை நிறுத்துகிறோம், 'ஈ டோ டீமர்'. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை 'இரண்டு மணி நேரத்தில்' என்று படித்துக்கொண்டேன். ஆகா, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகத் தலைக்கு ஷாம்பு போட்டேன். பத்தாவது நிமிடம் குழாய் இருமியது, நின்றது. கீழே குழாய்க்காரர் சொன்ன விளக்கம்: 'ஈ டோ டீமர்' என்றால் இரண்டு மணி நேரம் முழுக்க. இரண்டு மணி நேரம் கழித்து என்றால் 'ஓம் டோ டீமர்'. பால் பாக்கெட் வாங்கும்போது கூடவே வாங்கியிருந்த சோடாத் தண்ணீரில் தலையை அலசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஹெர்னிங்_அக்கா:
ஐயோ தம்பி! சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. ஆனால் இடத்தைவிட நேரத்தில்தான் கவனம் வேண்டும் என்று நானும் சொல்ல வந்தேன். நூலகத்துக்கு ஈ போட்டால் சிரிப்பார்கள். நேரத்தில் பிழைத்தால் ஆளைத் தவறவிடுவீர்கள்.

ஓம் என்ற சொல்லில் இருந்து தொடங்குங்கள். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆம். டேனிஷ் ஓம் இனி வரப்போகும் நேரத்துக்கு. 'ஓம் டோ ஊயர்', இரண்டு வாரம் கழித்து. ஈ போட்டால் அவ்வளவு காலம் நீடிப்பது. 'ஈ டோ ஊயர்', இரண்டு வாரமாக அல்லது இரண்டு வாரத்துக்கு. போ போட்டால் அந்தக் காலத்துக்குள் முடித்துவிட்டது, 'இரண்டு மணி நேரத்தில் சமைத்து முடித்தேன்' என்கிறோமே, அது. கடந்து போனதற்கு இரண்டு பக்கமும் வேலி: 'ஃபோர் டோ ஓர் சீதன்', இரண்டு வருடத்துக்கு முன். ஃபோர் முன்னால், சீதன் பின்னால். நடுவில் காலம் உட்கார்ந்திருக்கும். சீதனை விட்டுவிட்டால் எல்லாம் குழம்பும்.

கிழமைகள் இன்னொரு கதை. 'ஈ மான்டாஸ்' போன திங்கள். 'போ மான்டா' வருகிற திங்கள். 'ஓம் மான்டாயன்' திங்கள்தோறும். இந்த மூன்றையும் வேறு எதுவும் படிப்பதற்கு முன் பாடமாக்குங்கள். ஒரே கிழமை, மூன்று சின்னச்சொல், மூன்று காலம். மாதத்துக்கும் வருடத்துக்கும் ஈ தான், அதில் தொல்லையில்லை.

புதுக்குளிர்:
அட, மொழிப்பள்ளி நேரத்தாளில் 'ஓம் டியர்ஸ்டாயன்' என்று இருந்தது. செவ்வாய் பற்றிய ஏதோ ஒன்று என்று மட்டும் புரிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தேன். வாராவாரம் என்று அதிலேயே எழுதியிருக்கிறதா!

மணி சொல்வதில் ஒரு சந்தேகம். 'க்வார்ட் ஈ ஓட' என்றால் எட்டுக்குள் கால்?

சொல்லாய்வி:
எட்டுக்குக் கால் மணி முன், அதாவது ஏழே முக்கால். எட்டு கடந்து கால் என்றால் ஈ-க்குப் பதில் ஓவர். எட்டு மணிக்கு என்று சொல்ல மட்டும் எந்தச் சின்னச்சொல்லும் வேண்டாம், க்ளோகன் ஓட. நாம் அந்த -க்கு ஒட்டிப் பழகியதால் அங்கே ஏதாவது போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். 'ஹல் ஓட' என்றால் எட்டரை அல்ல, ஏழரை. இது முன்னிடைச்சொல் விவகாரம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட்டால் யாராவது ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பார்கள்.

கோட்டைக்கரை:
இழையில் புதியவன். தரங்கம்பாடிக்காரன், இப்போது ஓடென்ஸ. எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்ததால் டேனிஷ் படிக்க ஆசை வந்தது என்று சொன்னால் இங்கே எல்லோரும் ரசிக்கிறார்கள். அதைச் சொல்லப் போய்த்தான் முதல் பாடமே படித்தேன். ஊருக்கு 'ஈ ட்ரங்கெபார்', கோட்டைக்கு 'போ டான்ஸ்போர்க்'. கோட்டை, அரண்மனைப் பெயர்கள் போ கேட்கும். க்ரோன்போர்க்கும் அப்படியே, கோபன்ஹேகனில் நாடாளுமன்றம் இருக்கிற கிறிஸ்டியான்ஸ்போர்க்கும் அப்படியே. எங்கள் ஊர்க் கோட்டையை டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டி 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். எனக்கு இலக்கணப் பாடம் அதிலிருந்து கிடைத்தது.

என் கேள்வி தீவுகள் பற்றி. ஓடென்ஸ இருக்கிற தீவுக்கு 'போ ஃபூன்' என்கிறார்கள். ஆனால் யூலாந்துக்கு ஈ. ஏன்?

ஹெர்னிங்_அக்கா:
யூலாந்து தீவு இல்லையே தம்பி, தெற்கே ஜெர்மனியோடு ஒட்டிய குடாநாடு. தீவு என்றால் போ. போ ஃபூன், போ ஷெலாந்து, போ போர்ன்ஹோம், போ லோலாந்து. கடலில் மிதக்கிற தட்டு மேல் நிற்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் தீவில் இருப்பது ஒரு பெரிய நாடு என்றால் நாட்டுக்கணக்கு வந்துவிடும், ஈ ஜப்பான், ஈ இங்கிலாந்து. ஸ்ரீ லங்காவுக்கு இரண்டும் காதில் விழும். நான் எப்போதும் ஈ தான் சொல்வேன். நாடு என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம்.

சொல்லாய்வி:
அந்த விருப்பம் அற்ப விஷயமில்லை. கிரீன்லாந்துக்கு போ சொல்வது பழைய வழக்கம், இன்று பெரும்பாலும் ஈ. வெறும் தீவாகப் பார்க்கிறீர்களா, ஒரு நாடாகப் பார்க்கிறீர்களா என்பது ஒற்றை எழுத்தில் தெரிந்துவிடுகிறது. ஃபாரோ தீவுகளுக்கோ இன்றும் போ தான்.

கோபன்ஹேகனுக்கு மாறப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நகரம் ஈ, ஆனால் அதன் உள்பகுதிகளில் போ நோரப்ரோ, போ வெஸ்டப்ரோ, போ ஃப்ரெதரிக்ஸ்பேர். கொஞ்சம் தள்ளிப் போனால் மறுபடி ஈ வால்பி. அமா ஒரு தீவு என்பதால் போ. வால்பிக்கு மட்டும் ஏன் என்று யாராவது கேட்டால் நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

புதுக்குளிர்:
ஹோஸ் பற்றி யாருமே பேசவில்லையே? டாக்டரிடம் போகிறேன் என்று சொல்ல ஹோஸ் போட்டேன், வரவேற்பில் இருந்தவர் 'இப்போதே உள்ளேயா இருக்கிறீர்கள்?' என்கிற மாதிரி பார்த்தார்.

ஹெர்னிங்_அக்கா:
ஹோஸ் ஆட்களுக்கு மட்டும், அதுவும் அங்கே இருக்கும்போது மட்டும். டாக்டரிடம் இருக்கிறேன், 'ஹோஸ் லேயன்'. டாக்டரிடம் போகிறேன், 'டில் லேயன்'. தமிழில் இரண்டுக்கும் -இடம் என்றே சொல்லிவிடுவதால் எங்கள் ஆட்கள் எல்லோரும் விழுகிற குழி இது. அம்மா வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு வீடு என்ற சொல்லே வேண்டாம், ஹோஸ் மீன் மோர். வேலை செய்கிற கம்பெனியின் பெயருக்கும் ஹோஸ் போடலாம்.

இங்கே_பிறந்தவள்:
ஹெர்னிங் அக்கா சொல்லித்தான் இந்த இழையைப் படித்தேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும், எனக்கு டேனிஷ்தான் முதலில் வாயில் வரும். நீங்கள் படுகிற பாட்டை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பட்டிருக்கிறேன். ஐந்து வயதில் அம்மம்மாவுக்கு போனில், 'அம்மா ஆஸ்பத்திரிக்கு மேலே இருக்கிறா' என்றேனாம். போ ஹொஸ்பிடாலெத் என்பதை அப்படியே தமிழாக்கியிருக்கிறேன். தம்பி பிறந்த சந்தோஷச் செய்தியைக் கேட்க வேண்டிய அம்மம்மா, மகள் ஏன் கூரையில் ஏறினாள் என்று அழத் தொடங்கிவிட்டா.

டேனிஷ் ஆட்களே தடுமாறுகிற இடமும் உண்டு. ஆஃப், ஆத் என்று இரண்டு வேறு சொற்கள். எழுத்தில்தான் வேறு, பேசும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி. படியில் இறங்கும்போது வருவது ஆத், ஒருவரைக் கேலி செய்து சிரிக்கும்போது வருவதும் ஆத். மற்ற பெரும்பாலான இடங்களில் ஆஃப். என்னுடன் படித்த டேனிஷ் பிள்ளைகள் கட்டுரையில் இதற்குச் சிவப்புக் கோடு வாங்குவார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். தொடக்கத்தில் இதற்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, டேனிஷ் ஆட்கள் வெறும் 'ஈ நெட்டோ' என்று பேசுவது குறைவு. 'நேத ஈ நெட்டோ' என்பார்கள், கீழே நெட்டோவில். மாடியில் என்றால் முன்னால் ஓப்ப, வெளியே தோட்டத்தில் என்றால் ஊத. நாங்கள் 'மேலே மாடியில்', 'வெளியே முற்றத்தில்' என்று சொல்வதில்லையா, அதேதான். ஒரு நுணுக்கம்: போகும்போது குட்டைச் சொல், இருக்கும்போது நீட்டுச் சொல். வீட்டுக்குப் போகிறேன், யெம். வீட்டில் இருக்கிறேன், யெம்ம. அந்தக் கடைசி அகரத்தை விழுங்கிவிட்டால் நீங்கள் இன்னும் வழியில் இருக்கிறீர்கள்.

கேள்வி கேட்கும்போது சின்னச்சொல் கடைசிக்கு ஓடிவிடும். 'வோர் கொமர் டு ஃப்ரா?' எங்கிருந்து என்பதில் 'இருந்து' பின்னால் வருவது மாதிரி. 'வா வென்டர் டு போ?' எதற்காகக் காத்திருக்கிறாய்? அம்மாவுக்கு டேனிஷில் முதலில் பிடிபட்ட வாக்கியங்கள் இவைதானாம்.

சொல்லாய்வி:
அருமை. ஒன்று சேர்க்கிறேன்: 'டேனிஷில் இதற்கு என்ன பெயர்?' என்று கேட்க 'வா ஹேதர் தே போ டான்ஸ்க்?' மொழியில் பேசுவதற்கு போ. ஆனால் நீங்கள் எழுதப் போகிற தேர்வின் பெயர் 'ப்ரோவ ஈ டான்ஸ்க்', ஏனென்றால் அங்கே டேனிஷ் ஒரு பாடம். தேர்வுத்தாளின் தலைப்பிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

புதுக்குளிர்:
எல்லோருக்கும் நன்றி. ஒட்டு எழுதும் குறிப்பேடு தொடங்கிவிட்டேன், இரண்டு பக்கம் வந்திருக்கிறது. வீட்டுப்பாடமாக நானே எழுதியதை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

'யை போர் ஈ ஆர்ஹுஸ். ஓம் டியர்ஸ்டாயன் கோர் யை போ ஸ்ப்ரோஸ்கோல. யை வென்டர் ஃபோர் புஸ்ஸன். ஈ லோர்டாஸ் ஸ்கா யை டில் ஹெர்னிங்.'

ஆர்ஹுஸில் வசிக்கிறேன், செவ்வாய்தோறும் மொழிப்பள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன், சனிக்கிழமை ஹெர்னிங் வருகிறேன். அக்கா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்!

ஹெர்னிங்_அக்கா:
முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவதில் ஃபோர் இல்லை, போ, நான் மேலே சொன்னதுதான். நாலாவதில் 'ஈ லோர்டாஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அப்படியென்றால் நீங்கள் போன சனிக்கிழமையே வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். 'போ லோர்டா' என்று திருத்திப் போடுங்கள், அப்புறம்தான் புட்டுக்கு மா வறுப்பேன்.